நாலு நாளாகப் போகவில்லை: ஆட்டிசம் உள்ள குழந்தையின் மலச்சிக்கலை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

என் மகனுக்கு ஐந்து வயது இருக்கும்போது மூன்று வாரம் பேதி என்று நினைத்து அவனுக்கு அரிசிக் கஞ்சியும் ஜவ்வரிசிக் கஞ்சியும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஜட்டியில் தண்ணீராகக் கசிந்தது. பேதி நிற்கட்டும் என்று கீரை, பழம், பயறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் அவனைப் படுக்க வைத்து, தொப்புளுக்குக் கீழே இடது பக்கம் மெதுவாக அழுத்திப் பார்த்தார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். காய்ந்த களிமண் உருண்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. "இது பேதி இல்லைம்மா. மலம் கட்டிப்போய் நிக்குது. அதைச் சுத்தித்தான் தண்ணி ஒழுகுது" என்றார்.

நான் கொடுத்த ஒவ்வொரு கிண்ணக் கஞ்சியும் அந்த உருண்டையை இன்னும் இறுக்கியிருக்கிறது. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். மலச்சிக்கல் என்றதும் பழம் கொடு, தண்ணீர் கொடு, கீரை கொடு என்று எல்லாரும் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை தவறினால் நல்ல உணவே கெடுதலாகும். அடைப்பு இருக்கும்போது நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு இன்னும் உப்பும். பயத்தினால் அடக்கும் குழந்தைக்கு எத்தனை கொய்யாப்பழம் கொடுத்தாலும் அது அடக்கத்தான் செய்யும். அதனால் அறிகுறி பார்த்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம் என்பது நம் கற்பனை இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியான ஒரு கணக்கு, மற்ற குழந்தைகளைவிட இவர்களுக்கு மலச்சிக்கல் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் என்கிறது. ஐந்தாறு உணவுகளை மட்டுமே சாப்பிடுவது, தண்ணீர் குடிக்காதது, வயிறு தரும் உணர்வு தெளிவாகத் தெரியாதது, கழிப்பறையின் சத்தமும் வாடையும், சில மருந்துகள் எனப் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

வீட்டில் எதையும் தொடங்கும் முன்

பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு உப்பி விறைத்துப்போவது, காய்ச்சல், மலத்தில் நிறைய ரத்தம், எடை குறைவது, நடை தடுமாறுவது, கால் பலவீனம், மலம் எப்போதும் நாடா போல மெலிந்தே வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். பச்சை வாந்தியோ விறைத்த வயிறோ என்றால் நடு இரவானாலும் உடனே போக வேண்டும்.

சிக்கல் பிறந்த முதல் மாதத்திலேயே தொடங்கியிருந்தாலோ, பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகாமல் இருந்திருந்தாலோ அதையும் மறக்காமல் சொல்லுங்கள். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே உருவாகாமல் போகும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதுகெலும்பின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருந்தால் காட்டுங்கள். தைராய்டு குறைவும் மலச்சிக்கலாகத் தெரியலாம்.

நம் குழந்தைகளுக்கென்றே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மண், சுவர்ப் பெயின்ட், முடி, பொம்மைத் துண்டு என்று கிடைத்ததை வாயில் போடும் பழக்கம் உண்டா? பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், ஈயம் உடம்பில் ஏறினாலும் மலம் சிக்கும். முடி வயிற்றில் திரண்டு உருண்டையாகும். பட்டன் பேட்டரியோ காந்தமோ விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

அறிகுறி: வலி என்று சொல்லவில்லை, ஆனால் ஆளே மாறிவிட்டான்

பேச்சு வராத குழந்தை வயிற்றால்தான் பேசும். மேஜை விளிம்பிலோ சோபாவின் கைப்பிடியிலோ வயிற்றை அழுத்திக் கிடப்பது, திடீரென்று தலையில் அடித்துக்கொள்வது, இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வது, இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளுவது, எப்போதும் போகும் தெரபி வகுப்பில் கத்துவது. இதையெல்லாம் "ஆட்டிசத்தினால் வரும் நடத்தை" என்று ஒதுக்கிவிடுவது மிக எளிது. நானே ஒதுக்கியிருக்கிறேன். நடத்தை திடீரென்று மோசமானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கடைசியாக எப்போது போனான்?

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். தேதி, நேரம், எவ்வளவு, எப்படி இருந்தது, அன்று தூக்கமும் மனநிலையும் எப்படி. எப்படி இருந்தது என்பதற்கு பிரிஸ்டல் அட்டவணையைப் பயன்படுத்துங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் மலத்தை 7 வகையாகப் பிரித்து 1997-இல் வெளியிட்டது. 1 என்றால் ஆட்டுப்புழுக்கை மாதிரி தனித்தனி உருண்டை. 2 என்றால் உருண்டைகள் ஒட்டிய கட்டி. 3-இல் மேலே வெடிப்பு இருக்கும். 4 வாழைப்பழம் மாதிரி வழவழப்பு. 5-க்கு மேல் இளகி, 7 வெறும் தண்ணீர். நமக்கு வேண்டியது 4, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வாரக் குறிப்போடு மருத்துவரைப் பார்த்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். எனக்கு அதில் கண்ணில் பட்டது: அவன் தலையில் அடித்துக்கொண்ட ஒன்பது நாட்களில் ஏழு, மலம் போகாத மூன்றாம் நாளோ நான்காம் நாளோ.

தினமும் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வலியில்லாமல் மெத்தென்று போனால் அது நலம்தான். வாரத்துக்கு இரண்டு தடவை அல்லது அதற்கும் குறைவு, போகும்போது வலி, கழிப்பறையை அடைக்கும் அளவு பெரிய கட்டி, அடக்குவது: இதில் இரண்டு சேர்ந்து ஒரு மாதம் நீடித்தால் அது மலச்சிக்கல். தினமும் போனாலும் புழுக்கையாகத்தான் போகிறது என்றால் உள்ளே பாக்கி இருக்கிறது.

அறிகுறி: ஜட்டியில் கறை, தண்ணீராகக் கசிவு

இது பெரும்பாலும் பேதி இல்லை. நாள் கணக்கில் தங்கிய மலம் இறுகி மலக்குடலை விரித்துவிடும். மேலிருந்து வரும் இளகிய மலம் அதைச் சுற்றி வழிந்து, குழந்தைக்குத் தெரியாமலேயே கசியும். விரிந்த குடலுக்கு "நிறைந்துவிட்டது" என்ற உணர்வு மங்கிப்போகும். அதனால்தான் கேட்டாலும் அவனுக்குத் தெரிவதில்லை. தயவுசெய்து அடிக்காதீர்கள், "இவ்வளவு பெரிய பையன்" என்று அவமானப்படுத்தாதீர்கள். அவன் கையில் எதுவுமே இல்லை.

படுக்கையை நனைக்க ஆரம்பித்திருந்தாலும் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்தாலும் இதையே சந்தேகியுங்கள். நிரம்பிய மலக்குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்கும்.

இந்த நிலையில் இயற்கை முறையை மட்டும் நம்பாதீர்கள். அடைப்பை முதலில் எடுக்க வேண்டும், அது மருத்துவர் வேலை. பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூளைத் தண்ணீரில் கலந்து சில நாள் கூடுதலாகக் கொடுக்கச் சொல்வார்கள், அல்லது லாக்டுலோஸ் சிரப். அந்தத் தூள் குடலில் உறிஞ்சப்படுவது மிக மிகக் குறைவு. தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும், அவ்வளவுதான். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல் மருத்துவ சங்கங்கள் 2014-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் மருந்தாக இதையே சொல்கின்றன. குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும், அறிகுறிகள் போய் ஒரு மாதமாவது ஆன பிறகுதான் மெல்லக் குறைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. "பழகிவிடும்" என்ற பயத்தில் ஐந்தாம் நாளே நிறுத்தி, மறுபடி அடைத்து, மறுபடி தொடங்கிய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில்தான் கீழே சொல்லும் உணவும் பழக்கமும் வேர் பிடிக்கும்.

அறிகுறி: புழுக்கை புழுக்கையாக, காய்ந்து வருகிறது

கசிவு இல்லை, வயிற்றில் கட்டி இல்லை, ஆனால் மலம் 1, 2 என்றே வருகிறது. இங்கேதான் உணவும் தண்ணீரும் நன்றாக வேலை செய்யும்.

தண்ணீர்க் கணக்கு சுலபம். முதல் 10 கிலோ எடைக்கு கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50 மில்லி, அதற்கு மேல் 20. அதாவது 20 கிலோ பிள்ளைக்கு நாளைக்கு 1,500 மில்லி. பால், மோர், ரசம், இளநீர் எல்லாம் சேர்த்துத்தான். வெயில் காலத்தில் கூட வேண்டும். தேவையை எட்டிய பிறகு மேலும் மேலும் ஊற்றுவதில் பலன் இல்லை. சிக்கல் என்னவென்றால் நம் பிள்ளைகளுக்குத் தாகமே சரியாகத் தெரிவதில்லை. என் மகன் ஒரே ஒரு நீல பாட்டிலில்தான் குடிப்பான். அதில் ஆறு இடத்தில் கலர் டேப் ஒட்டி, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நேரம் வைத்தோம்: எழுந்ததும், பள்ளிக்குக் கிளம்பும் முன், இப்படி. கோடு இறங்குவதைப் பார்ப்பது அவனுக்குப் பிடித்துப்போனது. வெறும் தண்ணீர் பிடிக்காவிட்டால் தர்பூசணி, வெள்ளரிக்காய், நுங்கு, நீர்மோர் என்று வேறு வழியில் உள்ளே அனுப்புங்கள். ஸ்ட்ரா மாற்றினாலே சில பிள்ளைகள் குடிக்கிறார்கள். சில பேருக்குப் பனிக்கட்டி போட்டால்தான் இறங்கும்.

பாலைப் பாருங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும் பிள்ளைக்கு வேறு சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிருக்காது. அளவைக் குறைத்தாலே பாதி சரியாகும். சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரத ஒவ்வாமையே மலச்சிக்கலாக வரும். அந்தச் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். அந்த நாட்களில் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் கீரையும் வேண்டும். பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசமே குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே ஆறு உணவு சாப்பிடும் பிள்ளை மூன்றுக்கு இறங்கிவிடும்.

நார்ச்சத்துக்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு: வயதோடு 5 கூட்டினால் ஒரு நாளைக்கு வேண்டிய கிராம். ஆறு வயதுக்கு 11 கிராம். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 3 கிராம்கூட இல்லை, கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11, கொய்யாவில் சுமார் 8. இட்லி, தயிர்சாதம், பால், பிஸ்கட் என்று வெள்ளையாகவே சாப்பிடும் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கேழ்வரகு நல்லது என்று நாளையே கேழ்வரகு தோசை ஊற்றிவிடாதீர்கள். நான் செய்தேன். ஒரு கரண்டி கேழ்வரகு மாவுதான் கலந்தேன். தோசையைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான், புள்ளியைத் தேடினான், கண்டுபிடித்தான். அதற்கப்புறம் பதினோரு நாள் எந்தத் தோசையையும் தொடவில்லை. நம்பிச் சாப்பிடும் ஒரே உணவில் திருட்டுத்தனமாக எதையும் கலக்கக் கூடாது என்பதை அன்று கற்றேன். அந்த உணவு அவனுக்கு உணவு மட்டுமில்லை, தெரிந்த இடம்.

பிறகு செய்தது இது. அவன் தோசையை அப்படியே விட்டேன். பக்கத்தில் தனித் தட்டில், உள்ளங்கை அளவு ஒரு குட்டி தோசை. நிறத்தில் வெள்ளைக்கு நெருக்கமாக இருக்கும் சாமை மாவு, பத்துக்கு ஒரு பங்கு. சாப்பிடச் சொல்லவில்லை. முதல் வாரம் தள்ளிவைத்தான். இரண்டாம் வாரம் முகர்ந்தான். மூன்றாம் வாரம் விளிம்பைக் கிள்ளினான். பாதிக்குப் பாதி சாமை கலந்த தோசைக்கு வர நாலரை மாதம் ஆனது. வேகமான வழி இருந்தால் சொல்லியிருப்பேன்.

உங்கள் பிள்ளை எந்தப் பதத்தை விரும்புகிறான் என்று பார்த்து உணவைத் தேர்ந்தெடுங்கள், சத்துப் பட்டியலைப் பார்த்து அல்ல. மொறுமொறுப்பு பிடித்தவனுக்கு, நாலு வயதுக்கு மேல் என்றால், பொட்டுக்கடலை, வறுத்த கொண்டைக்கடலை, கொய்யாக் காய்த் துண்டு, சோளப்பொரி. மசியலாக வேண்டுமென்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பப்பாளிக் கூழ், முழுப் பச்சைப்பயறைக் குழைய வேகவைத்த கடைசல். இனிப்பு பிடித்தவனுக்கு இரவு ஊறவைத்த உலர் திராட்சையை மசித்து அந்தத் தண்ணீரோடு, அல்லது அத்திப்பழம். உலர் ப்ளம் பழம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதிலுள்ள சார்பிட்டால் என்ற சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பேரிக்காயிலும் ஆப்பிளிலும்கூட அது உண்டு. வாழைப்பழம் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும், செங்காய் சிலருக்குக் கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதுவும் வாரத்துக்கு ஒன்று. நார்ச்சத்து ஏறும்போது தண்ணீரும் ஏற வேண்டும். இசப்கோல் உமியைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க முடிந்த பிள்ளைக்குத்தான் அது. தண்ணீர் குடிக்காத பிள்ளைக்குத் தொண்டையிலும் குடலிலும் அடைக்கும். தயிரும் மோரும் நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். விலை கூடிய புரோபயாடிக் பொடிகள் மலச்சிக்கலைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் காசுக்குப் பழம் வாங்கலாம்.

அறிகுறி: காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க அடக்குகிறான்

பார்ப்பவர்கள் முக்குகிறான் என்று நினைப்பார்கள். இல்லை, அடக்குகிறான். திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிவது, சுவரைப் பிடித்து விறைத்து நிற்பது, தொடைகளை இறுக்குவது எல்லாம் இதுதான். எப்போதோ ஒரு நாள் வலித்திருக்கும். வலித்தது மறக்காது. அடக்க அடக்க மலம் இன்னும் காயும், அடுத்த முறை இன்னும் வலிக்கும்.

இங்கே முதல் வேலை, போனால் வலிக்காது என்று அவன் உடம்புக்கே பல வாரம் தொடர்ந்து நிரூபிப்பது. மலம் இளகியே இருக்க வேண்டும், தேவையானால் மருந்தின் துணையோடு. அந்த நாட்களில் "போ போ" என்று துரத்தாதீர்கள். அடக்கும் நேரத்தில் வெந்நீர்க் குளியல், குப்புறப் படுத்து ஊஞ்சல், குதிப்பது ஆகியவை இறுக்கத்தைத் தளர்த்தும். பாராட்டு, உட்கார்ந்ததற்குத்தான் கொடுக்க வேண்டும், போனதற்கு இல்லை. உட்காருவது அவன் கையில் இருக்கிறது, போவது எப்போதும் அவன் கையில் இல்லை.

மலவாயில் தோல் வெடித்து, கட்டியின் மேல் சிவப்புக் கோடு மாதிரி கொஞ்சம் ரத்தம் தெரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார வைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து வாசலின் தடவுங்கள். மலம் இளகினால் சில நாளில் ஆறும். ஆறாவிட்டால் காட்டுங்கள்.

அறிகுறி: டயப்பரில் மட்டும் போகிறான், கழிப்பறைக்குள் வரவே மறுக்கிறான்

ஒரு நாள் நீங்கள் தனியாகக் கழிப்பறையில் அவன் உயரத்துக்கு உட்கார்ந்து பாருங்கள். வாளியில் குழாய் விழும் சத்தம் சுவரில் மோதித் திரும்பும். ஃப்ளஷ் இழுத்தால் இடி. ஃபினாயில் வாடை மூக்கில் ஏறும். எக்ஸாஸ்ட் ஃபேன் ரீங்காரம். ஈரத் தரை, சில்லென்ற இருக்கை, காலுக்குப் பிடிமானம் இல்லாமல் ஓர் ஓட்டைக்கு மேலே தொங்குவது. கழுவும்போது திடீரென்று பீய்ச்சும் ஹேண்ட் ஷவர். இதில் ஏதோ ஒன்று அவனுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எங்கள் வீட்டில் அது ஃப்ளஷ். அவன் வெளியே போய்க் கதவை மூடின பிறகே இழுப்பது என்று விதி வைத்தோம், அவன் கையால் கதவை மூடுவான். அதோடு ஃபினாயிலை நிறுத்தினோம், தரையைத் துடைத்து உலர வைத்தோம், ஹேண்ட் ஷவருக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு சொம்பில். சிறுவர் இருக்கை ஒன்றை மேலே பொருத்தி, காலுக்குக் கீழே பலகை.

டயப்பரை ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பல பிள்ளைகள் போவதையே நிறுத்திவிடும். படி படியாக: முதலில் டயப்பரோடு கழிப்பறை வாசலில் நின்று போகட்டும். சில நாள் கழித்து உள்ளே. பிறகு டயப்பரோடு மூடிய இருக்கையில் உட்கார்ந்து. பிறகு மூடியைத் திறந்து, டயப்பரோடே. பிறகு டயப்பரின் அடியில் சிறு ஓட்டை வெட்டி, வாரா வாரம் ஓட்டையைப் பெரிதாக்கி, கடைசியில் இடுப்பில் ஒரு பட்டை மட்டும் மிஞ்சும் வரை. ஒரு படியில் பயந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள், அது தோல்வி இல்லை. டயப்பரிலாவது தினமும் போவது, எங்கேயும் போகாமல் அடக்குவதைவிட எவ்வளவோ மேல்.

உங்கள் வீட்டுக் கழிப்பறையையே ஆறேழு படம் எடுத்து வரிசையாக ஒட்டுங்கள்: கதவு, கால்சட்டை இறக்குவது, உட்காருவது, கழுவுவது, கை அலம்புவது. கார்ட்டூன் படத்தைவிட அவனுக்குத் தெரிந்த வாளியும் சொம்பும் இருக்கும் படம்தான் புரியும். "முதலில் உட்காருவது, அப்புறம் ரயில் வீடியோ" என்ற இரண்டு கட்ட அட்டையும் உதவும். பள்ளியிலும் அதே படம், அதே வரிசை.

அறிகுறி: ஒழுங்காக உட்காருகிறான், ஒன்றும் வரவில்லை

நேரத்தைப் பாருங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும். காலை உணவு முடிந்து இருபது முப்பது நிமிடத்தில் அந்த அசைவு நன்றாக இருக்கும். அப்போது ஐந்து முதல் பத்து நிமிடம், மணல் கடிகாரம் வைத்து. அதற்கு மேல் உட்கார வைப்பது தண்டனையாகிவிடும். பள்ளி அவசரத்தில் காலை முடியாதென்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்து, உட்காரும் விதம். மலக்குடலைக் கவண் வார் மாதிரி ஒரு தசை வளைத்துப் பிடித்திருக்கிறது. குந்தி உட்காரும்போது அது தளர்ந்து வழி நேராகும். அதனால் இந்தியன் டாய்லெட்டில் குந்த முடிந்த பிள்ளைக்கு அதுவே நல்ல நிலை, தசை தளர்ச்சி இருந்து தடுமாறினால் பிடித்துக்கொள்ளக் கம்பி போடுங்கள். வெஸ்டர்ன் என்றால் காலுக்குப் பலகை கட்டாயம். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, கைமுட்டியைத் தொடையில் ஊன்றி முன்னால் சாய வேண்டும்.

"முக்கு" என்றால் நம் பிள்ளைகளுக்குப் புரியாது, புரிந்தாலும் தப்பான தசையை இறுக்குவார்கள். ஊதச் சொல்லுங்கள். சோப்பு நுரைக் குமிழ், பீப்பீ, பலூன், ஏதாவது ஒன்று. ஊதும்போது வயிறு அழுத்தும், அடியில் தசை தளரும்.

உட்காரும் முன் வயிறு தடவிவிடலாம். தேங்காய் எண்ணெயைக் கையில் சூடாக்கி, தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றும் திசையில்: அவனுடைய வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே, விலா எலும்புக்குக் கீழே குறுக்காக, இடது பக்கம் கீழே. பெருங்குடல் போகும் பாதை அது. ஐந்து நிமிடம் போதும். மெல்லிய தொடுதல் பல பிள்ளைகளுக்குக் கூசும். உள்ளங்கையை முழுவதும் பதித்து உறுதியாகத் தடவுங்கள், சட்டைக்கு மேலேயும் செய்யலாம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஒரு மருந்து தொடங்கிய பிறகு ஆரம்பித்தது

இரும்புச் சத்து டானிக், ஆவேசத்தைக் குறைக்கத் தரும் ரிஸ்பெரிடோன், அதோடு சில சமயம் சேர்த்துக் கொடுக்கும் டிரைஹெக்சிஃபெனிடில், சில அலர்ஜி மருந்துகள் மலத்தைக் கட்டும். தேதியை நோட்டில் ஒப்பிட்டுப் பார்த்து, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

செய்யக் கூடாதவை

என் அம்மா வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைத்தால் உடனே போய்விடும் என்பார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான், அன்போடுதான் சொன்னார். ஆனால் அது உள்தோலைக் கீறும். சோப்புத் துண்டு எரிக்கும். அதைவிட, தொட்டாலே பதறும் ஒரு பிள்ளையை நாலு பேர் பிடித்துக்கொண்டு அப்படிச் செய்தால் அவன் அந்த அறையை என்றைக்குமே நம்ப மாட்டான். "அம்மா, இவனுக்கு அது வேண்டாம், பயந்துடுவான். நீங்க வயித்தைத் தடவி விடுங்க" என்றேன். இன்றைக்கும் அவர் வந்தால் அந்த வேலை அவருடையதுதான்.

விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பது, நிலாவரைச் சூரணம், கடுக்காய்ப் பொடி ஆகியவற்றை அளவு தெரியாமல் நாமாகக் கொடுக்க வேண்டாம். வயிற்றைப் பிடுங்கும் வலி வந்தால் அடுத்த நாளிலிருந்து அடக்கத் தொடங்குவான். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு லிக்விட் பாரஃபின் என்ற மலமிளக்கி எண்ணெயைக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. வீட்டில் எனிமா வேண்டாம். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று சொல்லி குளோரின் டையாக்சைடு கலந்த திரவத்தைக் குடிக்கவும் எனிமாவாகவும் விற்கிறார்கள். அது வெளுக்கும் ரசாயனம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-இலும் 2019-இலும் அதை எதிர்த்து எச்சரித்திருக்கிறது. யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

அறிகுறி: சரியாகிவிட்டது, மறுபடி வந்துவிட்டது

வரும். ஜூனில் பள்ளி திறக்கும்போது, ஊருக்குப் போகும்போது, காய்ச்சல் வந்து சாப்பிடாமல் கிடந்த பிறகு. மூன்றாம் நாள் ஆகும்வரை காத்திருக்காமல் இரண்டாம் நாளே தண்ணீர்க் கோடுகளையும், ஊறவைத்த திராட்சையையும், காலை உட்காரும் நேரத்தையும் இறுக்கிப் பிடியுங்கள். குறைத்த மருந்தை மறுபடி எவ்வளவு கூட்டலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ஊருக்குப் போனால் சிறுவர் இருக்கையும் பலகையும் கூடவே வரட்டும், எங்கள் பையில் சொம்பும் வரும்.

பள்ளியில் ஆசிரியரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: கையை உயர்த்திக் கேட்காமலே அவன் எழுந்து போகலாம், மற்ற பிள்ளைகள் இல்லாத நேரத்தில், சாப்பாட்டு மணி முடிந்து பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை கூட்டிப்போக வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்குக் கழிப்பறைப் படம் போட்ட ஓர் அட்டையைக் கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிவிடுங்கள், அதை நீட்டினால் போதும். இதையெல்லாம் அமைத்துத் தர, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவுவார். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் பன்முக ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள், முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.